சொரியாசிஸ்: மலிவான ஊசியும் காசநோய் அபாயமும்

புது தில்லி: தோலில் வெள்ளிச் செதில்களாய் உதிரும் சொரியாசிஸைத் தொழுநோய் என்று எண்ணி ஒதுங்குவோர் இன்றும் உள்ளனர். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் இது தொற்றுநோயன்று. இந்திய மக்களில் 0.44 முதல் 2.8 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இது ஆறாத கடும் நோய் என்று 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமே நிறைவேற்றியது.

நோயை எதிர்க்க வேண்டிய உடலின் படை, எதிரி இல்லாதபோதும் போர் முரசு கொட்டுவதே இதன் அடிப்படை. முரசு கொட்டுபவை சைட்டோகைன்கள் என்னும் நுண்ணிய புரதங்கள். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு விடுக்கும் தூதாக இவற்றைக் கொள்ளலாம். தோலில் காவல் புரியும் உயிரணுக்கள் இன்டர்லூகின்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்படும் 'டி' அணுக்கள் இன்டர்லூகின்-17ஐ வெளியிடுகின்றன. அது மேல்தோலை எட்டியதும் அங்குள்ள அணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிகழ வேண்டிய தோல் புதுப்பிப்பு சில நாட்களிலேயே நடந்துவிட, முதிராத அணுக்கள் செதில்களாகக் குவிகின்றன. அவையும் தம் பங்குக்குச் சமிக்ஞை அனுப்பி மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. டி.என்.எஃப். என்னும் மற்றொரு புரதம் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கிறது.

இத்தூதுகளை இடைமறிக்கும் ஊசி மருந்துகளில் முன்னதாக வந்தவை டி.என்.எஃபைக் குறிவைத்தன. இங்குதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் எழுகிறது. நுரையீரலில் புகுந்த காசநோய்க் கிருமியைச் சுற்றி வெள்ளணுக்கள் எழுப்பும் அரணைக் கட்டிக்காப்பதும் இதே டி.என்.எஃப்.தான். அதை முடக்கினால் அரண் தளர்ந்து, பல ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர்கள். எனவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், மறைந்திருக்கும் தொற்றைக் கண்டறியும் சோதனையும் கட்டாயம். தொற்று இருந்தால் முதலில் அதற்கான தடுப்பு சிகிச்சை தொடங்கப்பட வேண்டும்.

இன்டர்லூகின்-17, 23 ஆகியவற்றைத் தடுக்கும் பிந்தைய மருந்துகளில் இந்த அபாயம் மிகக் குறைவு. நியாயமாக இந்தியாவில் இவையே முதலில் மலிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அடாலிமுமாப் என்னும் டி.என்.எஃப். தடுப்பு மருந்தின் நகலை உலகிலேயே முதன்முதலாக 2014 டிசம்பரில் குஜராத்தின் சைடஸ் நிறுவனம் வெளியிட்டது. விலை முதலில் இறங்கியது அந்தப் பக்கம்தான். பெங்களூரின் பயோகான் நிறுவனம் கியூபா ஆய்வு மையத்துடன் இணைந்து உருவாக்கி, 2013இல் வெளியிட்ட இடோலிசுமாப் மருந்தோ தூதை விட்டுவிட்டு, தூது விடும் 'டி' அணுவையே அடக்க முயன்றது.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் உள்நோயாளிகளுக்கானது. சொரியாசிஸ் ஊசியோ புறநோயாளியாகவே வந்து, மாதக் கணக்கில், பலருக்கு ஆண்டுக் கணக்கில், போட்டுக்கொள்ள வேண்டியது. ஐந்து லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் இதற்குப் பயனில்லை என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பெரும்பாலானோருக்கு வாய்ப்பது பழைய மெத்தோட்ரெக்சேட் மாத்திரைதான். விலை குறைவு, பலனும் உண்டு. ஆனால் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதித்தாக வேண்டும். வாரம் ஒருமுறை உண்ண வேண்டியதை அன்றாடம் விழுங்கி உயிரிழந்தோரும் உண்டு.

மருத்துவரிடமே செல்லாதவர்கள் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுகின்றனர். அது அழற்சிச் சமிக்ஞைகளை ஒட்டுமொத்தமாக அடக்குவதால் சில நாட்களிலேயே தோல் தெளிந்துவிடும். நீண்ட நாள் தடவித் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். சிலருக்கு உடலெங்கும் சீழ்க் கொப்புளங்கள் எழும். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதை அடுத்து, இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. சீட்டு கேட்கும் கடைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.