கோல்ப் வீச்சும் குற்றம் களையும் முறையும்

ஒரு கலையைப் புதிதாகக் கற்பது எளிது. தவறாகப் படிந்துவிட்டதை மாற்றிக் கற்பது அரிது. இவ்வுண்மை எழுத்துக்கும் இசைக்கும் பொருந்துவது போலவே, உடலால் பயிலும் ஆட்டங்களுக்கும் பொருந்தும். அவற்றுள்ளும் கோல்ப் ஆட்டம் இதனை நன்கு விளக்கிக் காட்டுவதாகும்.

பினாங்குத் தீவுக்கு இவ்வாட்டம் புதியதன்று. 1864-இல் நிறுவப்பெற்ற பினாங்கு குதிரைப் பந்தயக் கழகத்தின் பத்து காந்தோங் திடலில் குதிரைகளும் ஓடின. கோல்ப் பந்துகளும் பறந்தன. புக்கிட் ஜம்புல் குன்றுச் சரிவில், அமெரிக்க வடிவமைப்பாளரான இளைய ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் வகுத்த 18 குழி ஆடுகளம் அமைந்துள்ளது. மலேசியத் தமிழருள் எம். ராமையா, பி. குணசேகரன் முதலியோர் இவ்வாட்டத்தைத் தொழிலாகவே கொண்டு பெயர் பெற்றனர். ஆயினும் கற்கத் தொடங்குவோர் பலர் சில மாதங்களில் சலித்து விலகிவிடுகின்றனர். ஆற்றல் இன்மை மட்டுமே இதற்குக் காரணமன்று. குற்றம் களையும் முறையை அறியாமையும் பெருங்காரணமாகும்.

காண்பது வேறு, காரணம் வேறு

கோல்ப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது. அதன் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. உச்சிக்கு உயர்த்திய மட்டை கீழிறங்கிப் பந்தை அடையக் கால் நொடியளவே ஆகும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் காலமோ ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறு பொழுதில் எவராலும் எதையும் திருத்த இயலாது. ஆகவே பந்து செல்லும் திசையில் தோன்றும் குற்றத்தின் வேரை, அடிக்கு முன்னரே தேடுதல் வேண்டும்.

வலக்கையாளர் ஒருவர் அடித்த பந்து வலப்புறமாக வளைந்து ஓடுகிறது எனக் கொள்வோம். ஆட்டக்காரர் இதனை 'ஸ்லைஸ்' என்பர். கற்பவர் செய்வது என்ன? பந்து வலப்புறம் போவதால், அடுத்த முறை இடப்புறம் நோக்கி நிற்கிறார். தோளும் இடப்புறம் திரும்புகிறது. மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே வெட்டி வருகிறது. மட்டையின் முகமோ அப்பாதைக்கு வலப்புறம் பார்த்தபடியே நிற்கிறது. இதனால் பந்து முன்னிலும் மிகுதியாக வளைகிறது. அவர் மேலும் இடப்புறம் திரும்புகிறார். திருத்தம் என எண்ணியதே பிழையை ஊட்டி வளர்க்கும் விந்தை இது!

நல்ல ஆசிரியர் பந்தின் போக்கைக் கண்டபின், கற்பவரின் கைகளைப் பார்க்கிறார். பிடி இடப்புறமாக மிகத் திரும்பியிருத்தலே பலரிடத்தும் வேராக அமைகிறது. இடக்கையைச் சற்றே வலப்புறம் திருப்பி, அதன் விரல்முட்டுகள் இரண்டோ மூன்றோ கண்ணில் படுமாறு பிடித்தால், மட்டை முகம் தானே நேராக வந்து சேரும். நோயைக் கண்டதோடு நில்லாது அதன் முதலையும் நாடவேண்டும் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்த நெறி இவ்வாசிரியர்க்கும் உரியதே.

பந்தின் தலையை மட்டும் தட்டுதல் மற்றொரு குற்றம். 'தலையைத் தூக்கிவிட்டாய்' என்று அருகிலுள்ளோர் கூறுவர். பெரும்பாலும் உண்மை அதுவன்று. பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்னும் ஆவலால் உடலின் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. பந்தை எழுப்பும் வேலை மட்டையின் சாய்வான முகத்துக்கு உரியது என்று அறிந்தவர் அவ்வாவலைக் கைவிடுவர்.

நிலத்தின் இயல்பையும் மறத்தலாகாது. புக்கிட் ஜம்புல் போன்ற சரிவில் பந்து காலினும் உயரமான இடத்தில் கிடந்தால், வலக்கையாளரின் பந்து இடப்புறம் செல்லுதல் இயற்கை. நிலத்தின் குணத்தை வீச்சின் குற்றமாகக் கொண்டு திருத்த முற்படுதல் வீண். அதனால் தொடக்கப் பயிற்சிக்குச் சமநிலமே ஏற்றது.

சரியானது தவறாகத் தோன்றும் காலம்

திருத்தம் தொடங்கிய முதல் நாட்களே கடினமானவை. நெடுநாட் பழகிய தவறு இயல்பாகவும், புதிய சரியான முறை கோணலாகவும் உணரப்படும். பந்தும் எங்கெங்கோ ஓடும். 'ஆசிரியரிடம் வந்தபின் ஆட்டம் கெட்டது' என்று மாணவர் மனம் சோர்வது இந்நிலையிலேதான். உணர்வை நம்பாது கண்ணாடியையோ ஒளிப்படக் கருவியையோ துணைக்கொள்ளுதல் நலம்.

இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ பல போட்டிகளை வென்றிருந்தும், 1985-இல் டேவிட் லெட்பெட்டரிடம் மாணவராகச் சேர்ந்து தம் வீச்சை அடிமுதல் மாற்றினார். ஈராண்டளவு பெரும் வெற்றிகள் வாய்க்கவில்லை. 1987-இல் முயர்ஃபீல்டு திடலில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றபோது, இறுதிச் சுற்றின் 18 குழிகளையும் வரையறுத்த அடிகளிலேயே முடித்தார். டைகர் உட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வேறுபாட்டில் வென்ற பின்னரும் தம் வீச்சைத் திருத்தினார். 1998-இல் அமெரிக்கச் சுற்றில் அவருக்குக் கிட்டியது ஒரே வெற்றி, 1999-இல் எட்டு!

ஒன்றை மட்டும் திருத்துக

பிடி, நிலை, தோள், இடுப்பு எனப் பலவற்றை ஒரே நாளில் திருத்துபவர் மாணவரைக் குழப்புகிறார். வேராகிய ஒன்றைத் திருத்தினால் கிளைக் குற்றங்கள் பல தாமே உதிரும். சொல்லும் முறையும் முக்கியமானது. 1999-இல் காப்ரியேல் வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் உடனாய்வாளரும் புதிதாகக் கற்போரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். தம் கைகளின் அசைவை எண்ணி அடித்தவரைவிட, மட்டையின் அசைவை எண்ணி அடித்தவரே இலக்குக்கு அண்மையில் பந்தைச் சேர்த்தனர்.

ஆசிரியரும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். மட்டை செல்லும் பாதையிலேயே பந்து புறப்படும் என்று பயிற்சி நூல்கள் பல நெடுங்காலம் கற்பித்து வந்தன. ராடார் கருவிகளால் அளந்தபோது, புறப்படும் திசையைப் பெரிதும் முடிவு செய்வது மட்டையின் முகமே என்பது உறுதியாயிற்று. கற்பித்தோரே தம் பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தமிழாசிரியர்க்கும் இதில் பயன் உண்டு. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் சிறுவனை நோக்கி 'சரியாகச் சொல்' எனப் பலமுறை அதட்டுதல், பந்தின் போக்கை மட்டும் குறை கூறுவதற்கு ஒப்பாகும். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் நிலையைத் தொல்காப்பியப் பிறப்பியல் என்றோ காட்டிவிட்டது. அந்நாவின் நிலையைக் காட்டி, அவ்வொரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, சின்னாட்கள் பொறுத்திருந்தால் ஒலி தானே திருந்தும். ஆடுகளமாயினும் வகுப்பறையாயினும், பிழையைச் சுட்டுவது எளிய செயல். அதன் பிறப்பிடத்தைக் காட்டுவதே ஆசிரியப் பணி.