ஓரடி நீரில் மிதக்கும் மண்டபம்

மல்லாங்கிணற்றைச் சுற்றிப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் ஐப்பசியும் கார்த்திகையும் தப்பாமல் பெய்துவிட்டால், ஆண்டின் பெரும்பகுதி வெடித்துப் பிளந்து கிடக்கும் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குப் பரப்பு மிகுதி, ஆழம் சொற்பம். மடையருகே ஆளுயரம் இருக்கலாம். அங்கிருந்து வரத்துக்கால் பக்கமாக நடக்க நடக்க, இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று மெலிந்துகொண்டே போய், எது நீர், எது சேறு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு விளிம்பில் அது முடிந்துவிடும். கப்பலும் படகும் ஆழ்ந்த நீருக்கே உரியவை என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிக் கிடப்பதால், இத்தகைய நீரில் மிதப்பதற்கென்றே அமைந்த கலம் ஒன்று உண்டென்பதையும், அதைக் கட்டி இறக்கி மீட்கும் வித்தை நம் கோயிற்குளங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்திருக்கிறதென்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கலம் தெப்பம்.

மல்லாங்கிணற்றிலிருந்து வடக்கே காரியாபட்டி வழியாக மதுரைக்குச் சென்றால், நகரின் கீழ்ப்பக்கத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காணலாம். திருமலை நாயக்க மன்னர் 1645ஆம் ஆண்டில் அமைத்ததாகச் சொல்லப்படும் அக்குளம் ஏறக்குறைய 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது; நடுவே நீராழி மண்டபம்; வைகையிலிருந்து நீர் வரக் கால்வாய். தைப்பூசப் பௌர்ணமியன்று மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் அலங்கரித்த தெப்பத்தில் எழுந்தருள, கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, அந்த மண்டபத்தைத் தெப்பம் வலம் வருகிறது. நீர் வராத ஆண்டுகளில் தெப்பம் நகராமல் ஓரிடத்திலேயே நிலைத்தெப்பமாக நின்றதும் உண்டு. தெப்பத் திருவிழாக்கள் பல தையிலும் மாசியிலும் வருவதைப் பஞ்சாங்கக் காரணம் ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. அதற்கடுத்த சில வாரங்களே குளம் நிறைந்தும் வானம் தெளிந்தும் இருக்கும் காலம். கோடையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீர் ஆவியாகிப் போகும் நம் பிரதேசத்தில், மிதவை ஒன்றை நீரில் இறக்கவும் அதை மீட்கவும் இயற்கை தரும் தவணை மிகக் குறுகியது.

தெப்பம் என்பது மேலே மண்டபமும் கோபுரமும் கொண்டு எவ்வளவு கம்பீரமாகத் தோன்றினாலும், அடியில் அது வெற்றுப் பீப்பாய்களின் கூட்டமே. முற்காலத்தில் மரங்களைப் பிணைத்துக் கட்டினார்கள். இன்று 200 லிட்டர் எண்ணெய் பிடிக்கும் இரும்பு டிரம்களை வரிசை வரிசையாகப் படுக்கவைத்து, அவற்றின்மேல் மரச்சட்டங்களும் பலகைகளும் பரப்பிப் பிணைக்கிறார்கள். திருவாரூர்க் கமலாலயத்தில் ஓடும் தெப்பத்துக்கு இத்தகைய பீப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கின்றன. சங்கீத வித்துவான்கள் அதன்மேல் அமர்ந்தே கச்சேரி செய்கிறார்கள்.

பீப்பாய் ஒன்றின் எடை சுமார் 20 கிலோ. அது முழுவதும் நீரில் அமிழ்ந்தால் விலக்கும் நீரின் எடை ஏறக்குறைய 220 கிலோ. எனவே பாதி அமிழ்ந்த நிலையில், தன் எடை போக, 90 கிலோ பாரத்தை அது தாங்கி நிற்கும். இப்படி நூறு பீப்பாய்களைச் சேர்த்தால் 9 டன். மரச்சட்டம், மண்டபம், விக்கிரகங்கள், அர்ச்சகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லோரும் அதில் அடங்குவர். பீப்பாயின் விட்டம் 58 சென்டிமீட்டர். பாதி அமிழ்வதென்றால் 29 சென்டிமீட்டர். ஒன்பது டன் பாரத்தைச் சுமந்துகொண்டு ஓரடிக்கும் குறைவான நீரை மட்டுமே கேட்கிற கலம் இது. பாரத்தை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பிவிட்டால் சொற்ப ஆழமே போதுமென்ற இந்த உண்மை, சைரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மிதக்கும் பொருள்களைப் பற்றி எழுதிவைத்த பிரமாணத்தின் நேரடியான பயன்.

மிதப்பது எளிது, கவிழாமல் மிதப்பதே அரிது. அகலமான மேடை ஒருபுறம் சாயும்போது, தாழ்ந்த பக்கத்துப் பீப்பாய்கள் மேலும் அமிழ்ந்து அதிகமாக உந்த, உயர்ந்த பக்கத்தவை நீரைவிட்டு எழுந்து தம் உந்தலைக் குறைத்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து மேடையைப் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. இத்திருப்பும் சக்தியைக் கணக்கிடும் முறையைப் பிரெஞ்சுக்காரரான பியேர் பூகே 1746ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்குச் சென்று, கடலை விட்டு வெகுதூரத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவர் அவர். வண்டியூர்த் தெப்பக்குளம் உண்டாகி அப்போது நூறாண்டு கடந்திருந்தது.

அவருடைய கணக்கை 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள நூறு பீப்பாய்த் தெப்பத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். மேலேயுள்ள மண்டபத்தின் உயரத்தைப் பற்றிச் சிறிதும் அஞ்ச வேண்டியதில்லை. அகலம் அதை நன்றாகவே காக்கிறது. அஞ்ச வேண்டியது வேறொன்று. நடுவில் பரவி நிற்கும் நாற்பது பேர் தீபாராதனையைக் காணும் ஆவலில் ஒரே ஓரத்துக்கு ஒதுங்கினால், மேடை மூன்றரைப் பாகை சாய்ந்து, அந்த ஓரம் 18 சென்டிமீட்டர் தாழும். மிஞ்சியிருப்பது 11 சென்டிமீட்டர். ஓரத்துப் பீப்பாய் முழுவதும் மூழ்கிவிட்டால், அதற்கப்பால் அதனிடமிருந்து கூடுதல் உந்தல் ஒரு துளியும் கிடைக்காது. அதுவரை பாறைபோல் நின்ற தெப்பம் அந்தக் கணத்திலிருந்து தன் ஸ்திரத்தை வேகமாக இழக்கத் தொடங்கும். முன்கூட்டி எச்சரிக்கும் சுபாவம் தெப்பத்துக்கு இல்லை. ஆகையால் தெப்பத்தில் ஏறுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதோடு, அவர்கள் இடம் மாறாதிருக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் தயவுதாட்சணியம் கூடவே கூடாது.

இனி இறக்கும் முறை. முழுதாகக் கட்டி முடித்த மேடையைக் கரையிலிருந்து தள்ளி நீரில் விடுவதென்றால் சரிவும் உருளைகளும் வேண்டும். படித்துறை அதற்கு இடங்கொடாது. ஆகவே குளம் வற்றியிருக்கும்போதோ, முழங்காலளவு நீர் நிற்கும்போதோ அடித்தளத்தைக் குளத்துக்குள்ளேயே கட்டிவிட்டு, நீரை உள்ளே விட்டு அதைத் தானாக எழச் செய்வது சிறந்த உபாயம். உலர்துறைகளில் கப்பல் கட்டுவோர் செய்வதும் இதுவே. நம் நூறு பீப்பாய்த் தெப்பத்தில், மேல் அலங்காரமும் ஆட்களும் ஏறாத வெறும் அடித்தளம் 5 டன் இருக்குமென்று கொண்டால், பீப்பாய்களைச் சுற்றி 20 சென்டிமீட்டர் நீர் ஏறியதும் அது எழுந்துவிட வேண்டும்.

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அடியில் கரிசல் சேறு இருந்தால் கணக்குப்படி நடப்பதில்லை. கரிசல் மண்ணின் நுண்ணிய களித்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தம்மிடையே நீர் புகுந்து செல்ல மிகக் குறுகிய வழியையே விடுகின்றன. அதில் புதைந்த பீப்பாய் மேலே எழ வேண்டுமானால், அதன் அடியில் ஓர் இடைவெளி உண்டாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப நீர் வந்து சேர வேண்டும். களிமண்ணூடே நீர் அவ்வளவு விரைவில் வந்து சேராதாகையால், பீப்பாயின் அடியில் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள நீரும் அதற்கும் மேலேயுள்ள காற்றும் அதைக் கீழே அழுத்தி வைத்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் கரிசல் வயலில் நடந்து, புதைந்த காலை வெடுக்கென்று உருவ முயன்றவர்களுக்கு இந்தப் பௌதிகம் புதிதாக இராது: உருவும் வேகம் மிக மிக, சேறும் இறுகப் பிடிக்கும், குதிகாலை மெதுவாகச் சாய்த்து ஒரு பக்கம் நீர் புக வழிவிட்டால், கால் தானே வந்துவிடும்.

கடலடியில் தரைதட்டிப் புதைந்த கலங்களை மீட்கும் பொறியியலாளர்களும் இதே பிடியோடுதான் போராடுகிறார்கள். அவர்கள் கண்ட பரிகாரங்கள் குளத்துக்கும் பொருந்தும். நாற்புறமும் ஒருசேர மேல்நோக்கி இழுப்பதை விட்டு, ஒரு முனையை மட்டும் முதலில் கிளப்பினால் சேற்றின் பிடி ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக விடும். அதிர இழுப்பதைவிட, மிதமான சக்தியை நெடுநேரம் விடாது பிரயோகித்தால் நீர் கசிந்து உட்புகக் காலம் கிடைக்கும். எல்லாவற்றிலும் மேலானது முன்னெச்சரிக்கை: பீப்பாய் வரிசைகளுக்கடியில் குறுக்குக் கட்டைகளை முதலிலேயே இட்டுவைத்தால், பீப்பாய் சேற்றில் பதியாது, நீரும் தடையின்றி அடியில் ஓடும். சில கட்டைகளைச் சேகரிக்கும் சிரமம், பின்னால் ஐம்பது பேர் சேற்றில் இறங்கி மல்லாடும் சிரமத்தைத் தவிர்க்கும்.

எழுந்துவிட்ட தெப்பத்தை நகர்த்துவது ஆச்சரியப்படத்தக்க அளவுக்கு எளிது. தரைமேல் உள்ள பாரம் உராய்வை வென்ற பின்னரே அசையும். நீர்மேல் உள்ள பாரமோ மிகச் சிறிய இழுப்புக்கும் மெல்ல இணங்கும். ஆனால் அசையத் தொடங்கிய பத்து டன்னை நிறுத்துவது அவ்வளவு எளிதன்று. சதுரக் குளத்தின் மூலைகளில் தெப்பத்தைத் திருப்பும்போது, முன்னே இழுக்கும் வடத்தைப் போலவே பின்னே பிடித்து நிறுத்தும் வடமும் முக்கியமானது. மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவோர் அதற்கு உதவி செய்யலாம். ஆழம் குறைந்த நீரில் கழி தரையை எட்டிவிடுவது பெரிய சௌகரியம்.

மீட்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். விழா முடிந்ததும் யாருடைய சிரத்தையும் அதில் நிற்பதில்லை. நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்க, தெப்பத்தின் ஒரு மூலை படியிலோ மேட்டிலோ தட்டி நிற்குமானால், அங்கே தரை தெப்பத்தை மேலே தாங்கத் தொடங்குகிறது. தரை தாங்கும் அளவுக்கு நீர் தாங்குவது குறைய, அதனோடு தெப்பத்தின் ஸ்திரமும் குறைகிறது. மறுபக்கம் இறங்கும் நீரோடு சேர்ந்து இறங்க, சட்டங்கள் முறுக்குண்டு, பிணைப்புகள் தளரும். பீப்பாயில் ஓட்டை விழுந்து நீர் புகுந்திருந்தால், அந்த நீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வை மேலும் வளர்க்கும். நீர் புகும் ஒரே பெரிய தொட்டியைவிட நூறு சிறு பீப்பாய்கள் பாதுகாப்பானவை என்பதும் இதனால்தான். ஆகையால் போதிய நீர் இருக்கும்போதே மேற்பாரத்தை முதலில் இறக்கிவிட்டு, இலேசான மேடையைப் படித்துறைக்குக் கொண்டுவந்து, பலகை, சட்டம், பீப்பாய் என்ற கிரமத்தில் கழற்ற வேண்டும். குளம் வற்றிய பிறகு சேற்றில் அமர்ந்துவிட்ட தெப்பத்தை அடுத்த மழை எழுப்பித் தரும் என்று காத்திருப்பது பெரும் பிழை. அதற்குள் இரும்பு துருவேறியிருக்கும், சேறும் பிடித்திருக்கும்.

பீப்பாயில் விழுந்த ஓட்டையைப் பற்றவைத்து அடைப்போருக்கு ஒரு வார்த்தை. எண்ணெயோ கரைப்பானோ இருந்த பீப்பாய் காலியாகத் தோன்றினாலும், உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து வெடிக்கத் தயாராக இருக்கலாம். அதை முற்றிலும் கழுவிப் போக்காமல் நெருப்பை அருகே கொண்டுபோகலாகாது. சிவகாசிக்கு அண்டையில் வாழ்கிற நமக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை இராதென்றாலும், உயிர்ப் பிரச்சினையாகையால் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்க ஏரிகளில் இன்று ஆயிரக்கணக்கில் ஓடும் மிதவைப் படகுகளின் தொடக்கமும் பீப்பாயே என்பது பலருக்குத் தெரியாது. மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி 1950களின் தொடக்கத்தில், இரும்புப் பீப்பாய்களை முனையோடு முனை பற்றவைத்து இரண்டு நீண்ட வரிசைகளாக்கி, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். இப்போது பீப்பாய்களின் இடத்தை அலுமினியக் குழாய்கள் பிடித்துக்கொண்டன. படகு சக்கரவண்டியில் ஏறிச் சரிவுத்தளம் வழியாக நீருக்குள் இறங்குகிறது. வண்டி பின்னோக்கி நீருள் சென்று, குழாய்கள் தாமே மிதக்கும் ஆழத்தை எட்டும் வரை படகு அதைவிட்டுக் கிளம்பாது. ஆழமற்ற கரையில் வண்டி வெகுதூரம் உள்ளே போக வேண்டியிருக்கும். பின்னாலுள்ள எந்திரத்தின் விசிறியைத் தூக்கி வைக்காவிட்டால் அது தரையில் இடிக்கும். சரிவுத்தளமும் வண்டியும் இல்லாத நம் கண்மாய்களுக்கு அந்த வழி ஒத்துவராது. தனித்தனியாகக் கொண்டுவந்து நீரிலேயே கட்டி, நீரிலேயே பிரித்து எடுக்கும் தெப்பக்காரர் வழியே ஒத்துவரும்.

அந்த வழியை மல்லாங்கிணறு போன்ற ஊர்கள் திருவிழாவுக்கு அப்பாலும் பயன்படுத்திக்கொள்ளலாமென்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்மாயில் வண்டல் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறதென்று அறியாமல் தூர்வாருவதால், மேடான இடம் மேடாகவே கிடக்க, பள்ளம் மேலும் பள்ளமாவதுண்டு. நீர் நிற்கும்போதே மிதவையில் சென்று, அடையாளமிட்ட கழியை ஊன்றிப் பார்த்தால், நீரின் ஆழத்தையும் இளகிய வண்டலின் கனத்தையும் இடத்துக்கிடம் குறித்துக்கொள்ளலாம். இதற்கு ஆறு பீப்பாய்கள் போதும். அவை பாதி அமிழ்ந்த நிலையில் 540 கிலோ தாங்கும். மூங்கிலும் பலகையும் 150 கிலோ என்றாலும், நான்கு பேர் ஏறிய பின்னும் நல்ல மிச்சம் இருக்கும். ஒரு பீப்பாயை ஒருவர் தூக்கி வரலாம். முழங்காலளவு நீரில் நின்று, மும்மூன்றாக இரண்டு வரிசை பிணைத்து, மேலே தளத்தை இட்டு, உயிர்காப்பு உடை அணிந்த நால்வரும் இரு பக்கமும் சமமாக அமர்ந்து கழியால் தள்ளிச் செல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அதே முழங்கால் நீருக்குத் திரும்பி, ஆட்கள் இறங்கி, தளத்தைக் கழற்றி, பீப்பாய்களை அன்றைக்கே கரையேற்றிவிட வேண்டும். அடுத்த ஆண்டு மார்கழியில் மடை நிறையும் வரை, மூடியை இறுக்கி நிழலில் அடுக்கிவைத்தால் அவை கெடாமல் இருக்கும்.