அலகநந்தாவின் கரையில் சுமை தூக்கிய தொண்டர்கள்

பத்ரிநாராயணரைச் சேவித்துத் திரும்பிய பெரியோர் நம் குடும்பங்களில் பலர் உண்டு. தப்தகுண்டத்தின் வெந்நீரைப் பற்றியும், தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையென்று பெயர் கொள்ளும் அழகைப் பற்றியும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த மார்க்கத்தின் இருமருங்கிலும் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமங்களைப் பற்றி யாத்திரிகர் பேசுவது அபூர்வம். அக்கிராமங்களுக்குப் பெருந்துன்பம் நேர்ந்த ஒரு சமயத்தில், கால்நடையாகச் சுமை தூக்கிச் சென்ற சில தொண்டர்களைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

1970-ஆம் வருஷம் ஜூலை 20-ந் தேதி அலகநந்தாவின் மேற்பள்ளத்தாக்கில் பெருமழை கொட்டியது. பிரேஹி, பாதாளகங்கை, கருடகங்கை முதலிய கிளையாறுகள், சரிந்த மண்ணையும் பாறையையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் வாரிக்கொண்டு வந்து பெரிய நதியில் தள்ளின. பத்ரிநாத் சாலையில் பேலாகூசி என்ற சிறு கடைத்தெரு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலம் நீரில் மூழ்கியது. 6 இரும்புப் பாலங்களும், 10 கிலோமீட்டர் மோட்டார் சாலையும், 24 பஸ்களும் அடித்துச் செல்லப்பட்டன. 366 வீடுகள் இடிந்தன. 500 ஏக்கர் நெற்பயிர் அழிந்தது. மனிதரும் மாடுகளும் மாண்டது கொஞ்சமன்று. மலையில் கரைந்த மண், நெடுந்தூரம் பிரயாணம் செய்து, ஹரித்துவாரத்தில் தொடங்கும் கங்கைக் கால்வாயை அடைத்தது என்றால், வெள்ளத்தின் வேகத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பொழுது, சமோலிக்கு மேலே மலைமீதுள்ள கோபேசுவரத்தில் ஒரு சிறு ஸ்தாபனம் இருந்தது. தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கம் என்பது அதன் பெயர். அதை 1964-இல் தொடங்கியவர்களுள் முக்கியமானவர் சண்டிப்பிரசாத் பட். 1934-இல் பிறந்த இவர், மோட்டார் கம்பெனியில் டிக்கட் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். 1956-இல் ஜெயப்பிரகாச நாராயணரின் பேச்சைக் கேட்டு ஸர்வோதய நெறியில் ஈடுபட்டார். பின்னர் உத்தியோகத்தையும் உதறினார். மலைநாட்டு வாலிபர்கள் பிழைப்பைத் தேடிச் சமவெளிக்கு ஓடாமல் ஊரிலேயே தொழில் செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம். உழவுக் கருவிகள் செய்ய ஒரு பட்டறை வைத்தார்கள். மூலிகை சேகரித்து விற்றார்கள். காந்தியடிகளின் நிர்மாணத் திட்டம் என்று நாம் மேடைகளில் பேசுவதை அவர்கள் சந்தடியின்றிச் செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளச் செய்தி கிடைத்ததும் இந்தத் தொண்டர்கள்தாம், பாதை அறுந்துபோன கிராமங்களுக்கு உதவிப் பொருள்களுடன் புறப்பட்டார்கள்.

மலைநாட்டில் உதவி கொண்டுசெல்வது எத்தகைய காரியம் என்பதைச் சமவெளியில் வாழும் நாம் எளிதில் உணர்வதில்லை. நம் பக்கத்தில் வெள்ளம் வந்தால் படகு விடலாம். நீர் வடிந்தால் வண்டி போகும். அங்கே படகுக்கு வேலையில்லை. ஒரு பாலம் போய்விட்டால், கூப்பிட்டால் குரல் கேட்கும் எதிர்க்கரைக் கிராமத்தை அடைய ஒரு நாள் நடக்க வேண்டும். கோவேறு கழுதை போகும் ஒற்றையடிப் பாதையும் சரிந்துவிட்டதானால், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மனிதன்தான் ஏறவேண்டும். ஏறுகிறவனுக்கும் வழிச்சாப்பாடு வேண்டும். அதுவும் அவன் முதுகிலேயே ஏறும். ஆகையால் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தே மூட்டை கட்டவேண்டியிருக்கிறது.

அங்கும் புன்செய்ப் பயிர் கேழ்வரகும் குதிரைவாலியுமே. அவை அறுவடையாவது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில். ஆடி மாதத்தில் குதிரில் தானியம் குறைந்திருக்கும்; வெள்ளம் வந்ததோ அந்தச் சமயத்தில். உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் கீழிருந்துதான் போகவேண்டும். அரிசி இருந்தும் உப்பும் நெருப்பும் இல்லையேல் அடுப்படியில் என்ன செய்ய முடியும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தக் கிழவிக்கு நாதியில்லை என்பதை ஊரறிந்தவனே அறிவான். வெளியூரிலிருந்து லாரியில் வருகிறவர்கள், அவர்கள் எவ்வளவு நல்லெண்ணம் உடையவர்களாயினும், சாலை முடியும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சாலையோரத்துக் கிராமத்துக்கு மூன்று தரம் கிடைக்கிறது. மேலேயுள்ள கிராமத்துக்கு ஒன்றும் எட்டுவதில்லை. 2013 ஜூன் மாதம் கேதாரநாதத்தில் பெருவெள்ளம் வந்தபோதும் இந்தக் குறை கேட்கப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2004 டிசம்பரில் கடல்கோள் வந்தபின், நாகப்பட்டினம் பக்கத்துச் சாலைகளில் யாருக்கும் உதவாத பழந்துணிகள் மலைமலையாகக் கிடக்கவில்லையா? கொடுத்தவர்கள் நல்லவர்களே, வாங்குகிறவரின் தேவையைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஸர்க்கார் உதவியும் வராமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் இலவச உணவோடு நின்றுவிட்டதென்பதும், நிலமிழந்த குடியானவன் மறுபடி தன் காலில் நிற்க வழி செய்யவில்லையென்பதும் சங்கத்தாரின் மனக்குறை. மலைச்சரிவில் கல்லடுக்கிப் பல தலைமுறைகளாகச் சேர்த்த மண் ஒரே இரவில் போய்விட்டால், ஒரு மாத அரிசி அதற்கு ஈடாகுமா?

கிராமம் கிராமமாக ஏறி இறங்கிய தொண்டர்கள் வேறொன்றையும் கண்டார்கள். மண் எங்கெங்கே அதிகமாகச் சரிந்திருந்ததோ, அவற்றுள் பல இடங்களில் மேலே மரம் வெட்டப்பட்டிருந்தது. 1962-இல் சீனாவுடன் நேர்ந்த யுத்தத்துக்குப் பின் எல்லைப்புறமெங்கும் சாலைகள் விரைந்து போடப்பட்டன. அச்சாலைகளின் வழியே மரக் காண்டிராக்டர்களும் வந்தார்கள். ஊரிலே மூத்த பெண்கள், எந்தச் சரிவில் எப்போது கோடரி விழுந்ததென்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள்; விறகும் புல்லும் தேடி அவ்வழியே தினந்தோறும் நடப்பவர்கள் அவர்களன்றோ! மரம் ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஹிமாலயம் இன்னும் நிலைகொள்ளாத இளமலை. காண்டிராக்டர்கள் பெருகுவதற்கு வெகு காலம் முன்னரே, 1893-இல், பிரேஹி ஆற்றின் குறுக்கே மலை சரிந்து கோஹ்னா என்ற ஏரி உண்டாயிற்று. மறு வருஷம் அது உடைந்தது. முன்கூட்டியே தந்திக்கம்பி போட்டுக் கீழ்ப்பள்ளத்தாக்கு ஜனங்களை எச்சரித்து அகற்றியதால் ஐந்து பேரே மாண்டனர். ஆயினும் வேர் பிடித்திருக்கும் மண்ணும் மொட்டைச் சரிவின் மண்ணும் மழைக்கு ஒன்றல்ல என்பதில் ஐயமில்லை.

அந்தக் காட்சி சங்கத்தாரின் மனத்தை விட்டு அகலவில்லை. நுகத்தடி செய்வதற்கு அவர்கள் கேட்ட சில மரங்கள் மறுக்கப்பட்டு, விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அதே மரங்கள் வழங்கப்பட்டபோது, 1973 ஏப்ரலில் மண்டல் என்ற கிராமத்தில் ஜனங்கள் திரண்டு வெட்ட வந்தவர்களைத் திருப்பியனுப்பினார்கள். 1974 மார்ச் 26-இல், ஆடவர் ஊரில் இல்லாத சமயம், ரேணி கிராமத்தில் கௌராதேவியும் மற்றப் பெண்களும் காட்டைக் காத்து நின்றார்கள். சிப்கோ இயக்கம் உலகறிந்தது. அதை விரிக்க வேண்டியதில்லை. பின்னர் ஸர்க்கார் நியமித்த குழுவின் யோசனைப்படி, அலகநந்தாவின் மேற்பள்ளத்தாக்கில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டரில் பத்து வருஷம் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. வெள்ளத்தில் அரிசி சுமந்தவர்கள் அடுத்த வருஷங்களில் மரக்கன்று சுமந்தார்கள். முகாம்களில் மாணவரும் கிராமத்தாரும் சேர்ந்து கல்சுவர் எழுப்பினார்கள். மாட்டுத் தழைக்கும் விறகுக்கும் உதவுகிற மரம் எதுவென்று பெண்கள் சொன்னார்கள். 1982-இல் பட் அவர்களுக்கு மாக்ஸேஸே பரிசு கிடைத்தது.

ரேணி கிராமத்தின் பெயர் மறுபடியும் பத்திரிகைகளில் வந்தது 2021 பிப்ரவரி 7-ந் தேதி. பனியும் பாறையுமாக மலைமுகடே பெயர்ந்து ரிஷிகங்கையில் வீழ்ந்தது. அதற்கும் மரம் வெட்டியதற்கும் சம்பந்தமில்லை. நீர்மின் நிலையங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். ரேணியின் பாலம் போய்விட்டதால் அப்பாலுள்ள பதின்மூன்று கிராமங்கள் தனித்துப்போயின. ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய இடத்தில் இறங்கியது. எல்லைக் காவற்படையினர் உணவு மூட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு மற்ற ஊர்களுக்கு ஏறினார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் அங்கே புதிய இரும்புப் பாலம் திறக்கப்பட்டது.