அடிதடி வீரர்களின் பனி நடனம்

1992-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். நியூயார்க் நகரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. டெட்ராயிட் அணியின் பாப் ப்ராபர்ட்டும், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் டை டோமியும் கையுறையைக் கழற்றி எறிந்தார்கள். ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடித்துக் கொண்டு மாறி மாறிக் குத்தினார்கள். ப்ராபர்ட் முகத்தில் ரத்தம் வழிந்தது. டோமியோ, இடுப்பில் சாம்பியன் பட்டை கட்டுவது போல ரசிகர்களுக்குச் சைகை காட்டிவிட்டு வெளியேறினார்.

17 ஆண்டுகள் கழித்து, 2009-ம் ஆண்டு அக்டோபரில், இதே இரண்டு பேரும் மறுபடியும் ஒரே பனித்தரையில் இறங்கினார்கள். இந்தத் தடவை சண்டைக்கு அல்ல. ஆளுக்கு ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக் கொண்டு, பாட்டுக்கு ஏற்ப நடனம் ஆட!

கனடா நாட்டின் பொதுத்துறை டெலிவிஷனான சி.பி.சி. நடத்திய போட்டி அது. பெயர் "பேட்டில் ஆஃப் த பிளேட்ஸ்". ஓய்வு பெற்ற ஹாக்கி வீரர்கள் 8 பேர், பனி நடன வீராங்கனைகள் 8 பேர். ஜோடி சேர்ந்து ஆட வேண்டும். டெலிவிஷன் நேயர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக் குறைந்தவர்களில் யார் வெளியேறுவது என்பதை நடுவர்கள் தீர்மானிப்பார்கள். பரிசுப் பணம் ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. அவர்கள் சொல்லும் தர்ம ஸ்தாபனத்துக்குப் போய்விடும்.

டொரான்டோ நகரில் 1931-ல் கட்டப்பட்ட "மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்" அரங்கில்தான் முதல் போட்டி நடந்தது. கனடா ஹாக்கி ரசிகர்களுக்கு அது கோவில் மாதிரி. இன்று அதன் கீழ்த்தளத்தில் பலசரக்கு, காய்கறி விற்கிறார்கள்! மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கு இருக்கிறது.

சம்பளத்துக்கு அடி

நம் நாட்டில் ஹாக்கி என்றால் தியான் சந்தும் புல்தரையும்தான் நினைவுக்கு வரும். கனடாவில் நடப்பது வேறு. பனிக்கட்டித் தரையில், காலில் கத்தி பொருத்திய பூட்ஸ் அணிந்து, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டை அடித்து விரட்டுகிறார்கள். மோதுவதும் தள்ளுவதும் ஆட்டத்தின் பகுதி. தன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மீது யாராவது கை வைத்தால் திருப்பி அடிப்பதற்கென்றே அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகளில் முரட்டு ஆசாமி ஒருவர் இருந்தார். ப்ராபர்ட்டும் டோமியும் அப்படிப்பட்டவர்கள். ப்ராபர்ட் கணக்கில் எழுதப்பட்ட தண்டனை நேரம் 3,300 நிமிடம். டோமிக்கு 3,515 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 113 மணி நேரத்துக்கு மேல் வருகிறது!

காலை வாரிய பூட்ஸ்

இப்படிப்பட்டவர்களுக்கு நடனம் எப்படி வரும்? முதலில் பூட்ஸே காலை வாரியது. நடன பூட்ஸின் கத்தி நீளமானது. அதன் முனையில் ரம்பம் போலப் பற்கள் உண்டு. ஹாக்கி பூட்ஸில் பற்கள் கிடையாது. முன்பக்கம் சாய்ந்து வேகம் எடுத்துப் பழகிய ஹாக்கிக்காரர் நடன பூட்ஸில் அப்படிச் சாய்ந்தால், பற்கள் பனியில் குத்திக் கொள்ளும். ஆள் குப்புற விழுவார்.

நடனக்காரர்களிடம் ஹாக்கிக்காரர்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு என்பதை டொரான்டோ ஹாக்கி அணியே ஒப்புக் கொண்டது. 1984-ல் ஜோடி நடனத்தில் உலக சாம்பியன் ஆனவரும், இந்த முதல் போட்டியில் ஆடியவருமான பார்பரா அண்டர்ஹில்லை, தன் வீரர்களுக்குச் சறுக்குவதைக் கற்றுக் கொடுக்க 2012-ல் நியமித்தது.

யாருக்குத் துணிச்சல்?

விளம்பரத்தில் பெரிதாக வந்தது ஹாக்கி வீரர்களின் பெயர். ஆனால் உண்மையான துணிச்சல் பெண்களுடையதுதான். ஆண் கத்தி மேல் ஓடிக் கொண்டே பெண்ணைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கீழே இருப்பது கல் போன்ற பனிக்கட்டி. பெண்ணின் தலையில் கவசம் கிடையாது. இந்த வித்தைக்கு ஜோடிகள் பல ஆண்டுகள் சேர்ந்து பயிற்சி செய்வது வழக்கம். இங்கே கிடைத்ததோ சில வாரங்கள். தூக்குபவரோ, எதிரே வருபவரைக் கீழே தள்ளிச் சம்பளம் வாங்கியவர்!

எகடெரினா கோர்டீவாவை எடுத்துக் கொள்ளுங்கள். ரஷிய வீராங்கனை. கணவர் செர்கை கிரின்கோவுடன் ஆடி 1988-லும் 1994-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1995-ல் அமெரிக்காவில் பயிற்சியின்போது கிரின்கோவ் பனியிலேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 28. அந்தப் பெண்மணி 2010-ல் வலேரி புரே என்ற ஹாக்கி வீரரை நம்பிக் கை கொடுத்தார். அந்த ஆண்டு வெற்றி அவர்களுக்கே.

முதல் ஆண்டு வென்றவர்கள் கிரேக் சிம்ப்சன், ஜேமி சாலே ஜோடி. சாலே 2002-ல் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். 2012-ல் இருவரும் திருமணமே செய்து கொண்டார்கள்.

ப்ராபர்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதல் ஆளாக வெளியேறினார். 2010 ஜூலையில், 45 வயதில் இறந்து போனார். தலையில் திரும்பத் திரும்ப வாங்கிய அடியால் வரும் மூளை நோய் அவருக்கு இருந்தது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் தெரிவித்தார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிய சண்டைகளின் விலை அது.

50 வயதில் வெற்றி

2019-ல் வென்றவர் ஷெல்டன் கென்னடி. 1986 டிசம்பரில் அவருடைய இளைஞர் அணி சென்ற பஸ் விபத்துக்குள்ளாகி 4 வீரர்கள் இறந்தார்கள். அவர் பிழைத்தார். அந்த அணியின் பயிற்சியாளரே அவரைப் பாலியல் கொடுமை செய்து வந்தார். பல ஆண்டுகள் கழித்து, வெட்கம் பார்க்காமல் கென்னடி போலீசில் சொன்னார். 1997-ல் பயிற்சியாளருக்கு மூன்றரை ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு, குழந்தைகளுக்கு நடக்கும் இந்தக் கொடுமையைப் பற்றி ஊர் ஊராகச் சொல்வதற்காக, சக்கரம் வைத்த பூட்ஸ் அணிந்து கனடாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கடந்தார்.

அவருடன் ஆடியவர் கெய்ட்லின் வீவர். "ஐஸ் டான்ஸ்" பிரிவில் பெயர் பெற்றவர். அந்தப் பிரிவில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவது விதிப்படி கூடாது. ஆகவே இந்தப் போட்டியில் கென்னடி தூக்கக் கற்றுக் கொண்டார். வீவர், தூக்கப்படுவதற்குக் கற்றுக் கொண்டார்.