அடிக்கிற கைதான் அணைக்குமா?

துன்பம் வந்தால் அது கடவுள் கொடுத்த தண்டனையா?

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் பேர் உண்டு. 2021-ம் ஆண்டில் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பி கட்டையின் மேல் உளியை வைத்துத் தட்டுகிறார். மரம் செதில் செதிலாக உதிர்கிறது. மரத்தின் மேல் அவருக்குக் கோபமா? இல்லை! கோபம் இருந்தால் அடுப்பில் அல்லவா போட்டிருப்பார்? அந்தக் கட்டைக்குள் ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டார். அதனால்தான் செதுக்குகிறார்.

கடவுளின் கண்டிப்பைப் பற்றிக் கிறிஸ்தவ மதம் சொல்வதும் இது போன்றதுதான். பைபிளில் எபிரெயர் நிருபம் 12-ம் அதிகாரம் கடவுளைத் தகப்பனுக்கு ஒப்பிடுகிறது. தெருவில் போகிற பிள்ளையை யாரும் கண்டிப்பதில்லை. தன் பிள்ளையைத்தான் கண்டிப்பார்கள். ஆகவே, கண்டிப்பு உறவுக்கு அடையாளம் என்கிறது அந்த நிருபம்.

"என்ன பாவம் செய்தாயோ?"

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு வீட்டில் குழந்தைக்கு நோய் வருகிறது. பெற்றவள் கண்ணீர் வடிக்கிறாள். "நீ என்ன பாவம் செய்தாயோ!" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இது நியாயமா?

நியாயம் இல்லை! பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "இது யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டார்கள். அவனும் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் ஏசுநாதர். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றும் அவர் சொன்னார். யோபுவின் துன்பத்துக்கு அவர் பாவமே காரணம் என்று சாதித்த நண்பர்களைக் கடவுளே கடிந்துகொண்டார்.

டோனாவூர் அம்மையார்

நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவம்:

அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் தங்கி, ஆதரவற்ற குழந்தைகளைத் தாயாக இருந்து வளர்த்தார்.

1931 அக்டோபர் 24-ந் தேதி. தம்மைச் சேவைக்குத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும்படி அன்று காலை கடவுளை வேண்டினார். மாலையில் களக்காட்டுக்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் தோண்டியிருந்த குழியை இருட்டில் கவனிக்காமல் விழுந்துவிட்டார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63.

அதன் பிறகு 19 ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். நோயில்லாதவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளியின் மனத்தில் ஒட்டாது என்பதை அங்கேதான் கண்டார். நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே புத்தகம் எழுதினார். 1951 ஜனவரி 18-ல் காலமானார்.

விழுந்தது தண்டனையா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த வேதனையையும் அவர் தகப்பன் கையிலிருந்து வந்த பாடமாகப் படித்தார். மருத்துவத்தையும் அவர் ஒதுக்கவில்லை. அவருடைய டோனாவூரில் மருத்துவமனையே இருந்தது.

"இதிலிருந்து நான் என்ன கற்க வேண்டும்?" என்று துன்பப்படுகிறவன் தன்னைத் தானே கேட்கலாம். அது பக்தி. "உனக்கு இது வேண்டும்!" என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால், அது பக்தி அல்ல, கொடுமை! அவன் செய்யவேண்டியது வேறு. ஒரு வாய் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.