உடல் எடையும் சிறுநீரகப் புற்றுநோயும்: ஐயம் தீர்ந்த இடமும் தீராத இடமும்

சிறுநீரகப் புற்றுநோய் என்னும் பெயர் ஒன்றாக இருந்தாலும், அப்பெயருக்குள் அடங்கும் நோய்கள் பல. ஒவ்வொரு சிறுநீரகத்தின் சதைப்பகுதியிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ஒரு வடிமுடிச்சும் அதைத் தொடர்ந்து செல்லும் நுண்குழலும் சேர்ந்த வடிகட்டும் அலகுகள், செறிந்துள்ளன. வடிமுடிச்சுகள் நாளொன்றுக்கு இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்தெடுக்க, நுண்குழல்கள் அதில் ஒன்றரை லிட்டர் அளவைத் தவிர மற்ற அனைத்தையும் உடலுக்கு மீட்டுத் தருகின்றன. எஞ்சிய நீர் சிறுநீராகி, புனல் போன்ற ஓர் உட்குழியில் சேர்ந்து கீழிறங்குகிறது. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுகளில் பத்தில் ஒன்பது பங்கு, ஓயாது உழைக்கும் அந்த நுண்குழல்களின் செல்களில் தோன்றுபவை. அவை சிறுநீரகச் செல் புற்று எனப்படுகின்றன. புனற்குழியின் உட்படலத்தில் தோன்றும் சிறுபான்மைப் புற்றுகளோ, குணத்தால் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு நெருங்கியவை. இந்த வேறுபாடு உடற்கூறு நூலோடு முடிந்துவிடுவதில்லை. உடல் எடை எதைத் தாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்ததே இதுதான்.

காட்டிக்கொடுத்தவர்கள் சுவீடன் நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள். 1971 முதல் 1992 வரை தொழில்சார் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 3,63,992 ஆண்களின் உயரம், எடை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை குறித்து வைக்கப்பட்டிருந்தன; அந்நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு அவற்றை ஒப்பிட்டு, 1995 இறுதி வரை யாருக்கு நோய் வந்தது என்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தனர். சிறுநீரகச் செல் புற்று 759 பேருக்கும், புனற்குழிப் புற்று 136 பேருக்கும் வந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, உடல் பருமனில் மேல்வரிசையில் நின்றவர்களுக்கு, கீழ்வரிசையினரைக் காட்டிலும் சிறுநீரகச் செல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரத்த அழுத்தம் கூடக்கூட அவ்வாய்ப்பும் கூடியது. புனற்குழிப் புற்றுக்கோ எடையோடும் இரத்த அழுத்தத்தோடும் எந்த உறவும் தென்படவில்லை. புகைப்பழக்கம் மட்டும் இரண்டு வகைப் புற்றுகளையும் கூட்டியது. ஒரே உறுப்பு, ஒரே மனிதர்கள், ஒரே அளவீடுகள். ஆயினும் எடையின் பாதிப்பு வடிகட்டும் திசுவோடு நின்றுவிட்டது. ஆறாம் ஆண்டு மறுபரிசோதனையில் இரத்த அழுத்தம் குறைந்திருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பும் குறைந்திருந்தது என்பது, பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய அளவுக்குப் பேசப்படாத இன்னொரு செய்தி.

இத்தகைய ஆய்வுகளில் பருமனை அளக்கப் பயன்படுவது உடல் நிறை எண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருபடியால் வகுத்தால் வருவது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இவ்வெண் ஒவ்வொரு 5 அலகு ஏறும்போதும் சிறுநீரகப் புற்றின் வாய்ப்பு ஆண்களுக்கு 24 விழுக்காடும் பெண்களுக்கு 34 விழுக்காடும் ஏறுவதாகக் கணக்கிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இலேயே இத்தொடர்பை ஏற்றுக்கொண்டது. 2016-இல் அது வெளியிட்ட மறுமதிப்பீட்டில், மிகைக் கொழுப்போடு தொடர்பு உறுதியான 13 புற்றுகளுள் இதுவும் ஒன்றாக நின்றது. ‘இரு மடங்கு’ என்ற சொல் கேட்பவரை அச்சுறுத்தும் என்பதால் அடிப்படை அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்நோய் மிகுதியாகக் காணப்படும் அமெரிக்காவிலேயே வாழ்நாளில் இதற்கு ஆளாகும் ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேரைச் சற்றே தாண்டுவர். இந்தியாவில் இன்னும் குறைவு. எனவே பருமனான ஒருவருக்கு இந்நோய் வராமலிருக்கும் வாய்ப்பே மிகப் பெரிது. எடை கூடியோர் கோடிக்கணக்கில் பெருகும்போதுதான், தனி மனிதருக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த உயர்வு சமூகத்தின் பெருஞ்சுமையாகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: எடையும் நோயும் சேர்ந்து காணப்படுவதாலேயே எடைதான் நோயைத் தந்தது என்று சொல்லிவிட முடியுமா? எடை கூடியவரிடம் உடலுழைப்புக் குறைவு, உணவு முறை, நீரிழிவு, வறுமை என வேறு பலவும் கூடி நிற்கக்கூடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க, மரபியலின் தந்தை மெண்டலின் பெயரால் அமைந்த ஒரு முறை உதவியது. எடையைச் சற்றே கூட்டும் மரபணு வேறுபாடுகள் கருவிலேயே, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல, மனிதர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பிற்காலப் பழக்கமோ நோயோ அவற்றை மாற்றுவதில்லை. ஆகவே அவ்வேறுபாடுகளை மிகுதியாகப் பெற்றவர்களுக்கு நோயும் மிகுதியாக வந்தால், பழி எடையின்மீதே விழும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும், அவர்களுக்கு இணையாக நோயற்ற இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, அவ்வாறே விழுவதைக் காட்டியது. அதைவிட நுட்பமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது: மரபால் இன்சுலின் அளவு உயர்ந்தோருக்கும், இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு உயர்ந்தோருக்கும் வாய்ப்பு கூடியது, இரத்தச் சர்க்கரை அளவுக்கு அத்தகைய பங்கு தென்படவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்த உடல் அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலினே இந்தப் புற்றுக்கு நெருக்கமானது என்று இதைப் படிக்கலாம்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அது ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பு. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மிகும்போது தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்க, கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது. இன்சுலினும் அதன் உறவினமான வளர்ச்சிக் காரணியும் செல்களைப் பிரியத் தூண்டுகின்றன, சாகவேண்டிய செல்களையும் காக்கின்றன. வளர்ச்சியை அடக்கும் அடிபோனெக்டின் என்னும் ஹார்மோன் பருமனானவர்களிடம் குறைகிறது. பெருத்த உடலுக்காக வடிமுடிச்சுகள் இயல்பைவிட அதிகமாக வடிக்க நேர்வதால் நுண்குழல்களின் உழைப்பும் கூடுகிறது. மறுபுறம், இப்புற்றுகளுள் மிகப் பெரும்பான்மையான ‘தெளிசெல்’ வகையில், ஆக்சிஜன் குறையும்போது மட்டும் எழுப்பப்பட வேண்டிய அபாயமணியை அடக்கிவைக்கும் வி.எச்.எல். என்னும் மரபணு பழுதாகிக் கிடக்கிறது. மணி ஓயாமல் ஒலிக்க, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, செல்களுக்குள் கொழுப்பு நிரம்புகிறது. அக்கொழுப்பு ஆய்வகப் பதப்படுத்தலில் கரைந்துபோவதால்தான் நுண்ணோக்கியில் அச்செல்கள் வெறுமையாக, தெளிவாகத் தெரிகின்றன. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உடல் முழுதும் மிகுந்த கொழுப்பும் செல்லுக்குள் தேங்கும் கொழுப்பும் எங்கே கைகோக்கின்றன என்பதை இனிவரும் ஆய்வுகள்தாம் காட்ட வேண்டும்.

ஐயம் தீராத இடம் இன்னொன்று உண்டு. மருத்துவர்களையே திகைக்க வைத்தது அது. நோய் பரவிய நிலையில் இலக்குசார் மருந்துகள் பெற்ற 1,975 நோயாளிகளின் தகவலைத் திரட்டி 2016-இல் வெளியான ஆய்வில், உடல் நிறை எண் 25-உம் அதற்கு மேலும் இருந்தவர்கள் இடைநிலையாக 25.6 மாதங்களும், அதற்குக் கீழ் இருந்தவர்கள் 17.1 மாதங்களும் வாழ்ந்தனர். நோயைத் தந்த அதே கொழுப்பு நோயாளியைக் காக்கிறதா? முற்றிய புற்று உடலை உருக்குவதால், மெலிந்தவர்களுள் பலர் ஏற்கெனவே நோய் மிஞ்சியவர்கள் என்பது ஒரு விளக்கம்; பருமனானவர்களின் கட்டிகள் இரத்தக் குழாய்களை மிகுதியாக நம்பி வளர்வதால், அக்குழாய்களைத் தடுக்கும் மருந்துக்கு எளிதில் பணிகின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். ஆனால் இதைப் பருமனுக்கான பரிந்துரையாகக் கொள்வது பெரும் பிழை: நோய் வராமல் தடுப்பதும், வந்தபின் தாக்குப்பிடிப்பதும் வெவ்வேறு கேள்விகள். சிகிச்சையில் இருப்பவர் எடை குறைக்கப் பட்டினி கிடப்பதும் அதே அளவுக்குப் பிழை.

இந்திய உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் கோளாறும் தலைகாட்டுவதால், மருத்துவ வல்லுநர்கள் இங்கே உடல் நிறை எண் 23-ஐயே எடை மிகுதியின் எல்லையாகவும் 25-ஐப் பருமனாகவும் கொள்கின்றனர். தேசியக் குடும்பநல ஆய்வு 25 என்ற அளவைக் கொண்டே கணக்கிட்டது. அப்படியும் தமிழ்நாட்டுப் பெண்களில் 2015–16-இல் 30.9 விழுக்காடாக இருந்த எடை மிகுந்தோர் 2019–21-இல் 40.4 விழுக்காடாகவும், ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தோர் 37.0 விழுக்காடாகவும் உயர்ந்தனர். ஐந்தாறு ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாற்றத்தின் விளைவு புற்றுநோய்ப் பதிவேடுகளில் உடனே தெரியாது. சுவீடன் தொழிலாளர்களிடம் முதல் ஐந்து ஆண்டுகளில் வந்த நோயைக் கழித்துப் பார்த்தபோதும் தொடர்பு மாறவில்லை என்பது, எடையின் வேலை மெல்ல நடப்பது என்பதற்குச் சான்று.

இந்நோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய, சிறுநீரில் வலியின்றி வரும் இரத்தத்தை உடல் சூடு என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். ஓரிரு நாளில் அது தானாக நின்றுவிட்டாலும் காரணத்தைத் தேடியாக வேண்டும். இரத்தம், விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் ஒருங்கே தென்படும் நிலை இன்று அரிது. கட்டிகளில் பெரும்பாலானவை வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருகின்றன, 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் சிறுநீரகம் முழுவதையும் நீக்காமல் அப்பகுதியை மட்டும் அகற்றிவிடலாம். ஆயின் அல்ட்ராசவுண்ட் கருவி அனுப்பும் ஒலியலைகள் தடித்த கொழுப்பு அடுக்கைக் கடக்கையில் வலுவிழந்து சிதறுவதால், நோய் வாய்ப்பு மிகுந்த பருமனான உடலிலேயே படம் மங்கலாக விழுகிறது. அங்கே ஐயம் தோன்றினால் சி.டி. ஸ்கேன்தான் அதைத் தீர்க்கிறது.