நடுக்கதவின் விலை

வெள்ளகோவிலில் பல தெருக்களில் வீடு எங்கே முடிகிறது, தறிக்குடோன் எங்கே தொடங்குகிறது என்று அயலூர்க்காரர் சொல்லிவிட முடியாது. முன்கட்டில் கூடம், பின்கட்டில் தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் குற்றம் ஒன்றும் இருப்பதாக நாங்கள் நினைத்ததில்லை. வீட்டை மதிப்பிடப் பாங்கியிலிருந்து ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அந்தக் கதவு எவ்வளவு விலையுயர்ந்தது என்பது தெரிய வருகிறது!

எனது அண்டை வீட்டுக்காரர் எட்டுத் தறி ஓட்டுகிறவர். மகளுக்குக் கல்யாணம் ஆகுமுன் மாடி கட்டிவிட வேண்டுமென்று 2017-ல் ஒரு பாங்கியில் கடன் கேட்டார். மதிப்பீட்டாளர் வந்தார், நாடாவைப் பிடித்து அளந்தார், நான்கு எல்லைகளையும் படம் பிடித்தார். பிறகு மூன்றே கேள்விகள். மனைக்கு அங்கீகாரம் உண்டா? கட்டடத்துக்கு வரைபட அனுமதி உண்டா? பின்னால் சத்தம் போடுவது என்ன?

அன்று மாலை நண்பர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "வாத்தியாரே, இருபது வருஷச் சம்பாத்தியத்தைப் போட்டு நான் கட்டினது வீடுங்க, அவர் அளந்துட்டுப் போனது காகிதத்தை" என்றார்.

இந்தக் கேள்விகள் மதிப்பீட்டாளரின் கற்பனையல்ல. அநுமதியற்ற கட்டடங்களைப் பற்றி டில்லி ஹைகோர்ட்டில் நடந்த வழக்கை ஒட்டி, 2006-ல் ரிசர்வ் பாங்கி எல்லாப் பாங்கிகளுக்கும் ஒரு கட்டளை அனுப்பியது. அநுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வீட்டுக்கடன் கூடாது; அங்கீகாரமற்ற குடியிருப்புகளுக்குக் கடன் கூடாது; குடியிருப்பதற்கென்று உள்ள கட்டடத்தை வியாபாரத்துக்கு உபயோகிக்கப் போவதாகச் சொல்பவருக்கும் கூடாது. டில்லியின் மாடிக் கட்டடங்களுக்காக எழுதிய மருந்துச் சீட்டு, வெள்ளகோவில் தறிக்காரரின் வாயிலும் ஊற்றப்பட்டது!

மனை விஷயம் இன்னொரு கதை. தோட்டத்தைக் கூறு போட்டு விற்ற மனைகள் நமது ஜில்லாவில் ஏராளம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் தடை விதித்தது. சர்க்கார் 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகளைக் கொண்டு வந்து, கட்டணம் செலுத்தி மனையை ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தது. இடைப்பட்ட மாதங்களில் அத்தகைய மனைக்கு விலை என்ன? மதிப்பீட்டாளர் என்ன தொகை எழுதுவார்? மண் அதே மண்தான்.

அந்த வருஷமே ஜூன் மாதத்தில் வழிகாட்டி மதிப்பு 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாக ஏறிற்று. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது. கட்டணம் 2 சதவிகிதமாக இறங்கியது. 2024 ஜூலையில் மறுபடியும் புதிய மதிப்பு. மதிப்பீட்டு அறிக்கையில் சந்தை விலைக்குப் பக்கத்திலேயே இந்தத் தொகையும் நிற்கிறது. இரண்டும் வெகுதூரம் விலகினால் அவர் காரணம் சொல்ல வேண்டும். ஆகையால் மனிதர் ஜாக்கிரதையாகவே எழுதுகிறார். அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2015 முதல் 30 லட்சம் வரையுள்ள வீட்டுக்கடனில் மதிப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் பாங்கி கொடுக்கக்கூடாது. நீங்கள் 24 லட்சத்துக்கு வீடு பேசுகிறீர்கள். மதிப்பீட்டாளர் 20 லட்சம் என்கிறார். கடன் 18 லட்சத்தைத் தாண்டாது. 6 லட்சம் கைப்பணம். இதோடு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் வேறு. இவற்றை வீட்டின் விலையோடு சேர்க்கக்கூடாதென்று 2012-ல் ரிசர்வ் பாங்கி சொல்லிவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் 2015-ல் விலக்குக் கிடைத்தது. மீதிக்காரர் நகையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போக வேண்டியதுதான்.

கட்டுப்பாடே வேண்டாமென்று நான் வாதிக்கவில்லை. அமெரிக்காவில் கடன் கொடுப்பவர் விரும்பிய தொகையை மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த பழக்கமும் சேர்ந்து, 2008-ல் எத்தனை குடும்பங்கள் வீட்டை இழந்தன! மதிப்பீட்டாளரை யாரும் நெருக்கக்கூடாதென்று அங்கே 2010-ல் சட்டமே செய்தார்கள். மிகையாக எழுதிய மதிப்பு கடனாளியைத்தான் கடைசியில் கடிக்கும். எனது வருத்தம் வேறு. வீட்டையும் தறியையும் தனித்தனியே மதிப்பிட்டு இரண்டுக்கும் கணக்குச் சொல்ல ஒரு பத்தி அந்தப் படிவத்தில் இருக்கலாகாதா? மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கொடுக்கிறவர் கடனாளி. அறிக்கையைப் பல இடங்களில் அவர் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. நேயர்கள் கூச்சப்படாமல் ஒரு நகல் கேளுங்கள். அளவு தவறியிருந்தால், அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

என் நண்பர் மனையை வரன்முறை செய்தார். பின்கட்டை மகன் பெயருக்குத் தனிப் பத்திரமாக எழுதினார். முன்கட்டுக்கு மட்டும், கேட்டதில் பாதியளவு கடன் கிடைத்தது. மாடி எழும்பியது; கல்யாணமும் நடந்தது. நடுக்கதவு இருந்த இடத்தில் இப்போது செங்கல் சுவர். இரவில் நூல் அறுந்து தறி நின்றால், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போகிறார்.